வாவிக்கரையில் நீந்துவோருக்கு ஒரு மடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிலியந்தலைப் பக்கம், பொல்கொட வாவிக் கரையில், நண்பர் ஒருவரின் குடும்பக் காணியில் நாங்கள் சிறிய மடம் ஒன்று கட்டி மூன்று வருடமாகிறது. ஞாயிறு காலைகளில் வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை என்று பல இடங்களிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து நீந்துகிறோம். உடை மாற்றவும், மழைக்கு ஒதுங்கவும், நீந்திய பிறகு கொஞ்ச நேரம் இருந்து கதைக்கவும் ஓர் இடம் வேண்டியிருந்தது. வாவிக்குக் கெடுதல் செய்யாமல் அதைக் கட்ட வேண்டும் என்பது எங்கள் முதல் நிபந்தனை. வரைபடம் போட்டது நான். அதைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஏன் அதை மடம் என்று சொல்கிறீர்கள்?

பருத்தித்துறையில் தெருமூடி மடம் இருக்கிறது. கல்லால் கட்டியது. தெருவுக்கு மேலேயே கூரை, இரண்டு பக்கமும் திண்ணை. நடந்து களைத்து வந்தவர் சுமையை இறக்கி வைத்து, நிழலில் இருந்து, எழுந்து போய்விடலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டதும் அதே அளவுதான். கூரை, திண்ணை, உடை மாற்ற ஒரு மறைவு. முதல் கூட்டத்தில் சமையலறை, ஷவர், கார் நிறுத்த சீமெந்துத் தரை என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. அப்போது ஒருவர் "நாங்கள் மடம் கட்டுகிறோமா, மண்டபம் கட்டுகிறோமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் வரைபடத்தைச் சுருக்கியது. கட்டாமல் விட்ட ஒவ்வொன்றும் வாவிக்குள் போகாத கழிவு என்று இப்போது நினைக்கிறேன்.

கொழும்பைச் சுற்றி எந்த வாவியில் நீந்தலாம்?

இதற்கு விடை தெரியாமல் கூரையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பேரை வாவியில் நீந்தவே கூடாது. அந்தப் பச்சை நிறம் பெரும்பாலும் மைக்ரோசிஸ்டிஸ் எனப்படும் நீலப்பச்சைப் பாசியால் வருவது. அது பெருகும்போது ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கக் கூடியது. நகரத்தின் வடிகால்களும் அங்கேதான் போய்ச் சேருகின்றன. தியவன்னா ஓயா பார்வைக்கு அழகு, ஆனால் அங்கும் வடிகால் நீர் இருக்கிறது, முதலையும் இருக்கிறது. தலங்கம குளம் வயலுக்கும் பறவைக்கும் உரியது. அதைக் கரையில் நின்று பார்த்துவிட்டு வருவதே சரி. 2018இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சார் சாசனத்தின் கீழ் ஈரநில நகரமாக ஏற்கப்பட்டது. மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் இன்னும் வாழும் ஒரு தலைநகரம் இது. எல்லா நீரும் நாங்கள் குதிப்பதற்காக இருப்பதல்ல.

பொல்கொட பெரியது. பாணந்துறையில் கடலோடு சேருவதால் நீர் ஓரளவு நகர்ந்துகொண்டிருக்கும், உப்பும் கூடிக் குறையும். அதுவும் முழுக்கச் சுத்தமான நீர் அல்ல. கரைக்குக் கரை, மாதத்துக்கு மாதம் நிலைமை மாறும். நாங்கள் இடத்தைத் தீர்மானிக்க முன்னர் வெயில் காலத்தில் சில தடவையும் மழை காலத்தில் சில தடவையும் தண்ணீரை எடுத்து ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தோம். ஒப்பிட்டுப் பார்க்க ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டுக் குளிநீர் விதியை வைத்துக்கொண்டோம். அந்த விதிப்படி ஏரி, ஆறு போன்ற நீரில் 100 மில்லிலீற்றருக்கு, மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலை பற்றீரியா 500க்குள் இருந்தால் மிகச் சிறந்த தரம், 1000க்குள் இருந்தால் நல்ல தரம். பல மாதிரிகளைச் சேர்த்துக் கணிக்கும் அளவு அது. ஒரே ஒரு போத்தல் தண்ணீரை வைத்து எதையும் சொல்ல முடியாது. கடும் மழை பெய்து இரண்டு நாளைக்கு நாங்கள் இறங்குவதில்லை. வடிகால், மலக்குழி, தெரு எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வரும் நீர் அது.

வெள்ளவத்தையில் கடல் இருக்கும்போது வாவி எதற்கு?

கடலும் எங்களுக்குப் பிடிக்கும். 1971இல் பாக்கு நீரிணையை நீந்திப் போய்த் திரும்பி வந்த ஆழிக்குமரன் ஆனந்தனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் தென்மேற்குப் பருவத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கும். பிந்திய வயதில் நீச்சல் பழகும் ஒருவருக்கு அலையில்லாத தண்ணீர் வேண்டும். எங்கள் குழுவில் அப்படி நான்கு பேர்.

வெளிநாட்டில் இருப்பது போல் சூடேற்றிய அறை வேண்டாமா?

இங்கிலாந்திலும் பின்லாந்திலும் நீரை விட்டு ஏறிய பிறகும் உடம்பின் வெப்பம் கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் அங்கே காற்றுப் புகாத சுவர், அடுப்பு, நீராவிக் குளியல் அறை எல்லாம் வேண்டும். அந்த வரைபடத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் அறை வெந்து, பூஞ்சணம் பிடித்துவிடும். எங்களுடைய சிக்கல்கள் வேறு. தலைக்கு நேர் மேலே வரும் சூரியன், சாய்ந்தடிக்கும் மழை, காயாத துவாய், இவ்வளவுதான். கொழும்பில் ஏப்ரல் முதல் பாதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகலில் சூரியன் உச்சிக்கு வரும். அப்போது நிழல் தருவது கூரை மட்டுமே. சுவருக்கு வேலை மிகக் குறைவு.

கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் கட்டலாம்?

உறுதிப்பத்திரத்தில் காணி உங்கள் பெயரில் இருந்தாலும், கரையோரமாக ஒதுக்கீட்டு நிலம் என்று ஒன்று உண்டு. அதற்குள் நிரந்தரமாக எதையும் கட்ட முடியாது. பொல்கொட சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகவும் பிரகடனம் செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே ஒரு கல் வைக்க முன்னரே உள்ளூராட்சி சபைக்கும் நகர அபிவிருத்தி அதிகாரசபைக்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் போய் எழுத்தில் கேளுங்கள். அலைச்சல்தான், ஆனால் அந்த அலைச்சல் இல்லாவிட்டால் இந்தக் கரை எப்போதோ மதிலாகியிருக்கும்.

சட்டம் சொல்லும் தூரத்தோடு இன்னொன்றையும் பாருங்கள். வெள்ளம் எவ்வளவு உயரம் வரும்? அயலில் உள்ள வயதானவர்களைக் கேட்டோம். ஒரு அம்மா தன் வீட்டுப் படியில் மூன்றாவது படியைக் காட்டினார். அதை மட்டம் பிடித்து, அதற்கு மேலே அரை மீற்றர் விட்டு எங்கள் தரையை வைத்தோம்.

அத்திவாரம் எப்படிப் போட்டீர்கள்?

இந்தப் பக்கத்து மண் சதுப்பு. கருப்பாக, பஞ்சு போல் இருக்கும். மண் கொட்டி நிரப்பி மேலே கொங்கிறீட் தட்டுப் போட்டால் இரண்டு வருடத்தில் ஒரு பக்கம் இறங்கும். அதோடு, நிரப்பிய ஒவ்வொரு லோட் மண்ணும் மழை வெள்ளம் தங்கும் இடத்தைப் பறிக்கிறது. 2016 மே வெள்ளத்தில் களனி கங்கையோரம், கொலன்னாவைப் பக்கம் மக்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் தங்க இடம் இல்லாவிட்டால் அது வீட்டுக்குள்தான் வரும்.

அதனால் எங்கள் மடம் கால்களில் நிற்கிறது. ஒன்பது தூண், ஒவ்வொன்றுக்கும் கீழே கெட்டி மண் வரை இறங்கும் சிறிய அடித்தளம். சீமெந்து அங்கே மட்டும்தான். வெள்ளம் வந்தால் கீழாகப் போகும். மற்ற நாட்களில் அங்கே தவளை இருக்கும்.

மரம் எது? எங்கே வாங்குவது?

கொழும்பில் வாரத்துக்கு ஒரு பழைய வீடாவது உடைபடுகிறது. அந்த வளைகளும் மரங்களும் விலைக்கு வருகின்றன. ஐம்பது வருடம் காய்ந்த மரம் இனி வளையாது. எங்கள் தூண்களும் வளையும் பம்பலப்பிட்டியில் உடைத்த ஒரு வீட்டிலிருந்து வந்தவை. புதிதாக வாங்கியது முதிர்ந்த தென்னை மட்டும், அதுவும் மழை படாத இடத்துக்கு. பலா நல்ல மரம்தான், ஆனால் அதை வெட்ட அனுமதி வேண்டும். வாங்கும்போது அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். மொறட்டுவை பக்கத்திலேயே இருப்பதால் தச்சு வேலைக்கு நல்ல கைகள் கிடைக்கும். ஆணிக்குப் பதிலாக மரப் பொருத்துகளும் போல்ட்டும் போடச் சொன்னோம். உப்புக் காற்றில் ஆணி துருப்பிடிக்கும். அதோடு, ஒரு நாள் இந்த மடம் வேண்டாம் என்றால் கழற்றி வேறு இடத்தில் பூட்டலாம்.

கூரைக்குக் கிடுகா, ஓடா, தகரமா?

நீண்ட விவாதம் இதில்தான் நடந்தது. கிடுகு எல்லோருக்கும் பிடிக்கும். கீழே இருந்தால் குளிர்ச்சி, மழைச் சத்தமும் மெதுவாகத்தான் கேட்கும். பக்கத்துத் தென்னையில் வருவது, உக்கினால் மண்ணுக்கே போகும். ஆனால் ஈரப்பதன் கூடிய இந்தக் கரையில் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கிடுகு பின்னும் கைகளும் குறைந்துவிட்டன. தண்ணீர் பிடிப்பதற்கும் அது சரிவராது, மண்ணிறமாகத்தான் வரும். தகரம் மலிவு, நீர் பிடிக்க நல்லது, ஆனால் வெயிலில் அடுப்பு. அஸ்பெஸ்டஸ் சீற்றை நான் பேச்சுக்குக் கூட எடுக்கவில்லை. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று தெரிந்த பிறகு, வெறும் மேலோடு ஈரமாக நிற்கும் பிள்ளைகளின் தலைக்கு மேல் அதை வைக்க மனம் வராது.

கடைசியில் பழைய ஓடு. அதுவும் உடைத்த வீட்டிலிருந்துதான். சரிவு 30 பாகை. கூரை ஓரத்தை எல்லாப் பக்கமும் 1.2 மீற்றர் வெளியே நீட்டினோம். மழை நேராக விழாது, தென்மேற்கிலிருந்து சாய்ந்து வரும். அந்தப் பக்கம் மட்டும் மரச்சட்ட மறைப்பு, வாவியைப் பார்த்த பக்கம் திறந்தது. பேரை வாவிக்குள் நிற்கும் பௌத்த மண்டபமான சீமா மாலகத்தைப் பார்த்திருப்பீர்கள், கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970களில் வடிவமைத்தது. அங்கே மண்டபத்துக்குச் சுவருக்குப் பதிலாக மெல்லிய மரச்சட்டங்கள்தான். வெளிச்சமும் காற்றும் வரும், கண்கூச்சம் வராது. வரைபடம் போட முன்னர் இரண்டு தடவை அங்கே போய் நின்று பார்த்தேன்.

பெண்கள் உடை மாற்ற என்ன ஏற்பாடு?

எங்கள் குழுவில் பாதிக்கு மேல் பெண்கள். பலர் சின்ன வயதில் ஊர்க் கேணியில் நீந்தியவர்கள். கொழும்புக்கு வந்து இருபது வருடம் நீந்தவில்லை. காரணம் கேட்டால் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். நனைந்த உடுப்போடு எங்கே போய் நிற்பது? யாழ்ப்பாணத்துக் கீரிமலையில் பெண்களுக்குத் தனிக் கேணி, அதைச் சுற்றி உயர்ந்த மதில். அந்த மதில் இருப்பதால்தான் மூன்று தலைமுறைப் பெண்கள் அங்கே ஒன்றாகக் குளிக்க முடிகிறது.

நான் முதலில் வரைந்தது கதவில்லாத, வளைந்து உள்ளே போகும் ஒரு மறைப்பு. காற்றோட்டம் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அதைப் பார்த்த ஒரு அக்கா, "தம்பி, கொளுக்கி இல்லாத இடத்தில் நான் உடுப்பைக் கழற்ற மாட்டேன்" என்றார். அதோடு அந்தத் தாளைச் சுருட்டி வைத்துவிட்டேன். அப்புறம் பெண்களே நண்பரின் வீட்டு விறாந்தையில் சுண்ணக்கட்டியால் அறையைக் கீறி, உள்ளே நின்று, குனிந்து, நிமிர்ந்து பார்த்து அளவு சொன்னார்கள். ஒரு ஆளுக்கு 1.2 மீற்றருக்கு 1.5 மீற்றர். தாயும் பிள்ளையும் போக அதன் இரண்டு மடங்கில் ஒன்று.

கதவுக்கு மேலும் கீழும் கொளுக்கி. காற்றுக்கான இடைவெளி தலைக்கு மேலே மட்டும், கீழே இல்லை. கைத்தொலைபேசி வந்த காலத்தில் கீழே இடைவெளி விடக்கூடாது என்று அவர்கள் சொன்னது முற்றிலும் சரி. சட்டங்களைச் சாய்த்துப் பதித்ததால் வெளியில் எங்கே நின்றாலும் உள்ளே தெரியாது. உள்ளே இருக்க ஒரு பலகை, உலர்ந்த உடுப்புக்குத் தோளுயரத்தில் தட்டு, ஈர உடுப்புக்குத் தனிக் கொக்கி, மூடியுள்ள குப்பைக் கூடை. சேலையோ சல்வாரோ தரையில் படாமல் மாற்ற முடிய வேண்டும். அறையிலிருந்து தண்ணீருக்கு ஆறு மீற்றர் நடை. அந்த வழி முழுக்கச் செம்பரத்தை வேலி. இந்த ஒரு பகுதிக்குத்தான் அதிகம் செலவழித்தோம். மனக்குறை எதுவும் இல்லை.

மலசலகூடம்?

மடத்தில் இல்லை. வீதிப் பக்கத்தில், 60 மீற்றர் தள்ளி, வீட்டோடு உள்ளதைப் பாவிக்கிறோம். நிலத்தடி நீர் இவ்வளவு மேலே இருக்கும் இடத்தில் குழி மலசலகூடம் என்பது வாவிக்குள் குழாய் போட்டது மாதிரித்தான். வீடு இல்லாத காணி என்றால் கசியாத மூடிய தாங்கி வைத்து கழிவை உறிஞ்சி எடுக்கும் கலி பவுசரால் எடுப்பிக்கலாம். அல்லது சிறுநீரைத் தனியாகப் பிரித்து, மற்றதைச் சாம்பலும் தும்புத்தூளும் போட்டு உலர வைக்கும் வகை. இரண்டாவதற்குப் பொறுப்பான ஒருவர் தினமும் வேண்டும். அப்படி ஆள் இல்லாவிட்டால் தொடங்க வேண்டாம்.

இதில் எங்கள் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். சோப்புத் தண்ணீருக்கென்று கரையிலிருந்து எட்டு மீற்றரில் உறிஞ்சு குழி தோண்டியிருந்தோம். முதல் மே மழையில் நிலத்து நீர் ஏறி, குழி நிரம்பி, வெள்ளை நுரை புல்லுக்கூடாக வாவிக்குள் இறங்கியது. பார்த்துக்கொண்டு நின்றது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. அடுத்த கிழமையே குழியை மூடினோம். அன்றிலிருந்து சோப்பும் ஷாம்பூவும் மடத்துக்கு வருவதில்லை. உடம்பை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குளிப்போம்.

அலசத் தண்ணீர் எங்கிருந்து?

கூரையிலிருந்து. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு லீற்றர். எங்கள் கூரை 40 சதுர மீற்றர். 25 மில்லிமீற்றர் பெய்யும் ஒரு மழைக்கு 1000 லீற்றர் விழும், சிந்தியது போக 800 லீற்றர் தாங்கிக்கு வரும். முதல் 40 லீற்றரைத் தனிக் குழாயில் விட்டு விடுகிறோம், கூரையில் உள்ள தூசியும் பறவை எச்சமும் அதோடு போய்விடும். ஒருவருக்கு ஒரு வாளி, 10 லீற்றர் போதும். பன்னிரண்டு பேருக்கு 120. வருடத்துக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர் பெய்யும் ஊரில் 2000 லீற்றர்த் தாங்கி பெப்ரவரியில் மட்டும்தான் அடியைக் காட்டுகிறது. இது குடிக்கும் தண்ணீர் அல்ல.

மின்சாரம்?

ஒரு சிறிய சூரியத் தகடு, இரண்டு விளக்கு. வெளிச்சம் கீழ்நோக்கி மட்டும். வாவிப் பக்கம் ஒளி போனால் பூச்சியும் பறவையும் குழம்பும்.

முதலை?

இருக்கிறது, பொல்கொடவிலும் தான். விளையாட்டாக எடுக்க வேண்டாம். மாத்தறைப் பக்கம் நில்வளா கங்கையில் குளிக்கும் துறையைச் சுற்றிக் கம்பு நட்டு அடைப்பார்கள், சிங்களத்தில் கிம்புல் கொட்டுவ என்பார்கள். அதைப் பார்த்து நாங்களும் பழகுபவர்களுக்காகத் துறையோடு ஓர் அடைப்பு வைத்தோம். உள்ளூர் மீனவர்களைக் கேட்காமல் யாரும் வெளியே நீந்துவதில்லை. நன்றாக விடிந்த பிறகே இறங்குவோம், பொழுது சாயும் நேரத்தில் கிட்டவும் போவதில்லை. மீன் குடல், சாப்பாட்டு மிச்சம் எதையும் கரையில் போடக்கூடாது.

சாப்பாட்டு மிச்சத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, எலி. எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் வரும். காலில் வெட்டுக் காயம் இருந்தால் அன்றைக்குத் திண்ணைதான். நீந்திய இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு வந்தால், வாவியில் இறங்கியதை வைத்தியரிடம் முதலில் சொல்லுங்கள்.

இடி மின்னலுக்கு மடம் பாதுகாப்பா?

இல்லை. இதைப் பெரிதாக எழுதித் தூணிலேயே மாட்டியிருக்கிறோம். பக்கம் திறந்த கூரை மின்னலுக்குப் பாதுகாப்பு அல்ல. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் திடீரென்று இடிக்கும். முதல் முழக்கம் கேட்டதும் தண்ணீரை விட்டு ஏறி, வீட்டுக்குள்ளோ கண்ணாடி மூடிய வாகனத்துக்குள்ளோ போக வேண்டும். கடைசி முழக்கத்துக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். பக்கத்துத் தூணில் மிதவை வளையமும் 20 மீற்றர்க் கயிறும் தொங்குகின்றன. அம்புலன்சுக்கு 1990.

தண்ணீரில் இறங்கப் படி எப்படி?

கருங்கல் படி நினைத்தோம், பாசி பிடித்தால் வழுக்கும். இப்போது குறுக்கே வரி வெட்டிய மரப்படி, இரண்டு பக்கமும் கைப்பிடி. கரையில் இருந்த மருத மரத்தை விட்டுவிட்டு, அதைச் சுற்றித்தான் வழி போகிறது. அதன் வேர்தான் அந்தக் கரையைப் பிடித்து வைத்திருக்கிறது. நாணலையும் வெட்டவில்லை. துறைக்கு மூன்று மீற்றர் அகலம், அதற்கு மேல் ஒரு அடி கூடத் திறக்கவில்லை.

யார் பராமரிப்பது?

முறை வைத்துச் செய்கிறோம். கூரைப் பீலியில் சருகு எடுப்பது, படியைத் தேய்ப்பது, தாங்கியின் வலையைப் பார்ப்பது. வருடத்துக்கு ஒரு தடவை மரத்துக்கு எண்ணெய். கரைக்கு மிதந்து வரும் ஆகாயத்தாமரையை ஒவ்வொரு ஞாயிறும் நீந்த முன்னர் கால் மணி நேரம் இழுத்து எடுக்கிறோம்.

நாங்களும் வந்து பார்க்கலாமா?

தாராளமாக. ஞாயிறு காலை ஆறரைக்கு இருப்போம். துவாயும் மாற்று உடுப்பும் கொண்டு வாருங்கள், சோப்பு வேண்டாம். வெள்ளியோ சனியோ பெருமழை பெய்திருந்தால் அன்றைக்கு நீச்சல் இல்லை, திண்ணையில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டு நீர்க்காகங்களைப் பார்த்துக்கொண்டிருப்போம்.